கேள்வி – பதில்: இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே

கேள்வி: பிளெண்டர் என்னும் முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு பாத்திரம் நடந்து வந்து நிற்கும் காட்சியை அமைத்திருக்கிறேன். 20-ஆவது ஃபிரேமிலும் 40-ஆவது ஃபிரேமிலும் பாதம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இடைப்பட்ட ஃபிரேம்களில் பாதம் மெல்ல முன்னே வழுக்கிப் பிறகு பின்னால் வந்து சேர்கிறது. நடுவில் மேலும் சில கீஃபிரேம்களை (நிலையை நாமே குறித்து வைக்கும் ஃபிரேம்களை) சேர்த்ததும் வழுக்கல் குறைந்து நடுக்கம் வந்துவிட்டது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: நடுவில் சேர்த்த கீஃபிரேம்களை முதலில் நீக்கிவிடுங்கள். அவை நோயைத் தீர்க்காமல் அறிகுறியை மட்டும் அமுக்குகின்றன. உங்களுக்கு வந்த நடுக்கமும் அவற்றால் வந்ததுதான். பிழை இருப்பது கீஃபிரேம்களின் மதிப்பில் அல்ல, அவற்றுக்கு இடையே மென்பொருள் வரையும் வளைகோட்டில். அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, பாதம் வழுக்கும் திசைக்குரிய அச்சின் கோட்டை மட்டும் தனியே பாருங்கள். 20-க்குப் பிறகு அது சற்றே மேலெழுந்து, 40-க்குள் மீண்டும் இறங்கி வருவது தெரியும்.

கீஃபிரேம்களை வளைகோட்டால் இணைக்கும் பெசியர் முறையில், கீஃபிரேமின் இருபுறமும் நீளும் ஹேண்டில்களே (கைப்பிடிகளே) கோட்டின் சாய்வைத் தீர்மானிக்கின்றன. ஹேண்டில் ‘ஆட்டோமேட்டிக்’ வகையாக இருந்தால், முன்னும் பின்னும் உள்ள கீஃபிரேம்களைக் கொண்டு அந்தச் சாய்வு கணக்கிடப்படுகிறது. பாதம் அதுவரை முன்னோக்கி வந்துகொண்டிருந்ததால் 20-ஆவது ஃபிரேமிலும் கோடு ஏறுமுகமாகவே இருக்கிறது. அந்த ஏற்றம் கீஃபிரேமைத் தாண்டியும் தொடர்வதுதான் நீங்கள் காணும் வழுக்கல். பிளெண்டரில் இயல்பாக அமையும் ‘ஆட்டோ கிளாம்ப்டு’ வகையில் இது நேராது. ஆனால் அந்த ஹேண்டிலை ஒருமுறை கையால் இழுத்துவிட்டால் அது ‘அலைண்டு’ வகைக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு அந்தக் காப்பு இல்லை. மாயா என்னும் அனிமேஷன் மென்பொருளில் ‘ஸ்ப்ளைன்’ வகையைப் பயன்படுத்துவோருக்கும் இதே தொல்லை உண்டு.

தீர்வு எளிது. 20-ஆவது ஃபிரேமின் கீஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, டி விசையை அழுத்தி, ‘லீனியர்’ (நேர்கோடு) என்று மாற்றுங்கள். பிளெண்டரில் இந்தத் தேர்வு அந்தக் கீஃபிரேமிலிருந்து அடுத்தது வரையிலான பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், இரண்டு சம மதிப்புகளுக்கு நடுவே கோடு அசைவின்றிக் கிடக்கும்; பாதம் வந்து ஊன்றும் முந்தைய பகுதியின் வளைவோ கெடாது. ஊன்றும் கணத்தில் செங்குத்து அச்சின் கோடு சாய்வோடு வந்து சட்டென்று முறிவதே நல்லது என்பது என் கருத்து. அங்கே அதை மெதுவாக மழுங்கச் செய்தால் உடலின் எடை காணாமல் போய்விடும்.

கோடு முற்றிலும் தட்டையாக இருந்தும் பாதம் நகர்ந்தால், குற்றம் இன்டர்போலேஷனுடையது (கீஃபிரேம்களுக்கு இடையே மென்பொருள் மதிப்புகளை நிரப்பும் முறையுடையது) அல்ல. இடுப்பின் அசைவு காலையும் சேர்த்து இழுக்கிறது என்று பொருள், காலுக்கு ஐ.கே. (இன்வர்ஸ் கினமாட்டிக்ஸ்) அமைப்பு, அதாவது பாதத்தின் இடத்தைக் கொண்டு காலின் மடிப்பைக் கணக்கிடும் அமைப்பு, தேவைப்படும்.

கேள்வி: குதிக்கும் பந்து ஒன்றைச் செய்தேன். உயரத்திலும் தரையிலும் கீஃபிரேம்கள் சரியாகவே உள்ளன. ஆனால் பந்து பலூனைப் போல மிதக்கிறது. எங்கே தவறு?

பதில்: தரையைத் தொடும் கீஃபிரேமில்தான். மென்பொருள் அங்கேயும் ஹேண்டிலைக் கிடைமட்டமாக வைத்து, பந்து வேகம் குறைந்து மெல்லத் தரையில் அமரும்படி செய்துவிடுகிறது. உண்மையில் பந்தின் வேகம் மிக அதிகமாக இருப்பது தரையைத் தொடும் கணத்தில்; வேகம் அற்றுப்போவது உச்சியில். ஆகவே உச்சியில் ஹேண்டில்கள் கிடைமட்டமாகவும், தரையில் உடைக்கப்பட்டும் இருக்க வேண்டும். தரைக் கீஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, வி விசையை அழுத்தி, ‘ஃப்ரீ’ என்று மாற்றினால் இரு ஹேண்டில்களையும் தனித்தனியே திருப்பலாம். கோடு அங்கே கூர்முனையாக வரட்டும்.

எவ்வளவு திருப்புவது என்பதைக் கண்மதிப்பில் விடாமல் கணக்கிட்டே சொல்லலாம். நொடிக்கு 24 ஃபிரேம் என்று கொண்டால், ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் 12 ஃபிரேம்களில் தரையைத் தொடும். உச்சியின் ஹேண்டில் 4 ஃபிரேம் நீளத்துக்குக் கிடைமட்டமாக நீளட்டும். தரைக் கீஃபிரேமின் இடப்புற ஹேண்டிலின் முனை 4 ஃபிரேம்களுக்கு முன்னால், 80 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். அதாவது நேரத்தில் மூன்றில் ஒரு பங்கும், உயரத்தில் மூன்றில் இரு பங்கும். இப்படி வைத்தால் கிடைக்கும் கோடு புவியீர்ப்பில் விழும் பொருளின் பரவளையமேதான். சரிபார்க்க 6-ஆவது ஃபிரேமுக்குச் செல்லுங்கள்: பந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பாதி நேரம் கழிந்தும் கால் பங்கு தூரமே விழுந்திருக்கும் அந்த இடைவெளிதான் கண்ணுக்கு எடையாகத் தெரிகிறது. அடுத்த துள்ளல் 30 செ.மீ. உயரம் என்றால், ஏற 6 ஃபிரேம், இறங்க 6 ஃபிரேம். உயரம் நான்கில் ஒரு பங்கானால் நேரம் பாதியாகும்.

பக்கவாட்டு நகர்வுக்கு இந்த வளைவு எதுவும் வேண்டாம். அந்த அச்சை ‘லீனியர்’ ஆக்கினால் போதும். டி விசைப் பட்டியலில் உள்ள ‘பவுன்ஸ்’ என்னும் ஆயத்தத் தேர்வு எழுத்துகளுக்கும் சின்னங்களுக்கும் பொருந்தலாம். ஒவ்வொரு துள்ளலின் உயரத்தையும் நீங்களே தீர்மானிக்க வேண்டிய பந்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சக்கரத்தை 350 பாகையிலிருந்து 10 பாகைக்குச் சற்றே முன்னோக்கித் திருப்பினால், அது பின்னோக்கி ஏறக்குறைய முழுச் சுற்றுச் சுற்றுகிறது. ஏன்?

பதில்: சுழற்சியை ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு கோணமாக எழுதும் ஆய்லர் முறையில் மென்பொருள் எண்களை மட்டுமே பார்க்கிறது. 350-இலிருந்து 10-க்குச் செல்ல அது 340 பாகை குறைக்கிறது. இரண்டாவது கீஃபிரேமின் மதிப்பை 370 என்று எழுதுங்கள். சக்கரம் 20 பாகை முன்னே நகரும். நடிகரின் அசைவைப் பதிவுசெய்த மோஷன் கேப்சர் தரவில் இத்தகைய தாவல்கள் நிறைய இருந்தால், ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. கிராஃப் எடிட்டரில் உள்ள ஆய்லர் ஃபில்டர் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும்.