திருவருகைக் காலத்தில் இறைவாக்கினர்களை ஏன் வாசிக்கிறோம்?

இயேசு பிறந்து இரண்டாயிரம் ஆண்டு ஆன பிறகும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களில் "மெசியா (கடவுள் அனுப்பும் மீட்பர்) வருவார்" என்று சொன்ன பழைய இறைவாக்கினர்களை, அதாவது கடவுளின் வார்த்தையை மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்களை, ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கத்தோலிக்கன், எங்கள் பங்குக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவன். அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

இயேசு மீண்டும் வருவார் என்று நாங்கள் நம்புகிறோம். டிசம்பர் 16 வரையிலான வாசகங்கள் பெரும்பாலும் அந்த வருகையைப் பற்றியவை. 17-ஆம் தேதியிலிருந்துதான் இயேசு பிறந்த பெத்லகேம் பக்கம் திரும்புகிறோம். அதனால் காத்திருப்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் தேவைப்படுகிறது. இறைவாக்கினர்களின் வேலை அதுதான் என்பது என் எண்ணம்.

எரேமியாவைப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக அவரைக் காவல்கூடத்தில் அடைத்துவிட்டார்கள். அங்கே இருந்துகொண்டே, அனத்தோத்தில் இருந்த ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். எதிரி வாசலில் நிற்கும்போது நிலம் வாங்கும் மனிதர்! தாவீது அரசரின் வழியில் நீதியுள்ள தளிர் ஒன்று முளைக்கும், அதாவது மெசியா வருவார், என்ற வாக்கும் அதே காவல்கூடத்தில்தான் வந்தது. எங்கள் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுழன்று வரும்; அதில் மூன்றாம் ஆண்டின் திருவருகைக் காலம் அந்த வாக்கோடுதான் தொடங்குகிறது.

அப்புறம் திருமுழுக்கு யோவான். திருவருகைக் காலத்தின் இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளின் நற்செய்தியில் எல்லா ஆண்டும் அவர் வருவார். முதலாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிற்றில் அவர் சிறையில் இருக்கிறார். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருக் கோட்டை அது என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு. "வரவிருப்பவர் நீர்தாமா?" என்று கேட்டு அங்கிருந்து ஆள் அனுப்புகிறார். இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவருக்கே சந்தேகம்! பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று இயேசு பதில் சொல்லி அனுப்புகிறார். எல்லாம் பழைய இறைவாக்கினர் எசாயாவின் வார்த்தைகள். ஆனால் எசாயா சொன்ன ஒன்று அந்தப் பதிலில் இல்லை: சிறைப்பட்டோருக்கு விடுதலை. யோவான் சிறையிலிருந்து வெளியே வரவே இல்லை. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இறந்திருப்பார் என்று நினைக்கிறேன். இந்த இடத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

2022 டிசம்பர் 11. ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றும் மகிழ்ச்சி ஞாயிறு, அதாவது அதே மூன்றாம் ஞாயிறு. முதல் வாசகம் எசாயா 35-ஆம் அதிகாரம், வாசிக்க வேண்டியது நான். அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊனமுற்றோர் மானைப்போல் துள்ளுவார்கள் என்ற வரி வந்ததும் குரல் நின்றுவிட்டது. எப்படியோ முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இன்னைக்கு என்ன வாசகம்?" என்று குழறிக் கேட்டார். சொல்லத் தயங்கினேன். விடவில்லை. பைபிளை எடுத்து வாசித்தேன். அந்த வரிக்கு அவர் அழவில்லை, தலையாட்டினார். "இன்னொரு தடவை படி" என்றார்.

அடுத்த தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில், அப்பா போய்விட்டார், நடக்காமலே.

சுழற்சி முடிந்து 2025 டிசம்பர் 14-இல் அதே வாசகம் திரும்ப வந்தது. அன்றைய முறை வேறொருவருடையது. நான் கேட்டு வாங்கி வாசித்தேன்.