மூடிய வண்டிக்குள் அரை மணி நேரம்

கேள்வி: எனக்கு 61 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று அல்சூரில் இருக்கிறோம். இனி ஊர் ஊராகச் சுற்றலாம் என்று நானும் மனைவியும் கேரவன் தேடினோம். இரண்டு பக்கமும் அறை வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் வைத்த பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே நின்றால் வீட்டு ஹால் மாதிரி இருக்கிறது. 34 லட்சம் கேட்கிறார்கள். என் ஓய்வுத் தொகையில் பெரும்பகுதி. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் ஆசை அவளுக்குத்தான் அதிகம். மகன் வேண்டாம் என்கிறான். வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

ஐயா, இந்த வயதில் மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்புகிறீர்கள் என்று படித்ததுமே மனசு நிறைந்தது. போய் வாருங்கள். ஆனால் இந்த வண்டியில் வேண்டாம்.

வண்டியைக் காட்டியபோது இரண்டு அறையையும் விரித்து வைத்துத்தானே காட்டினார்கள்? இன்னொரு தடவை போய், இரண்டையும் உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். மூடிய வண்டிக்குள் நீங்கள் இருவரும் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். கட்டிலுக்குப் போக வழி இருக்கிறதா? பாத்ரூம் கதவு முழுசாகத் திறக்கிறதா? அடுப்பு முன்னால் நின்று ஒரு டீ போட முடிகிறதா? பல வண்டிகளில் சோபா உள்ளே வந்ததும் எதிர்ப்பக்க அலமாரியை முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நகரும் இடம்தான் மிஞ்சும். நம் ஊர்ப் பயணத்தில் நீங்கள் அதிக நேரம் இருக்கப்போவது அந்த வண்டிக்குள்தான்.

ஸ்லைடு-அவுட் அமெரிக்காவில் 1990 வாக்கில் மோட்டார்ஹோம்களுக்கு வந்தது. ரோட்டில் ஓடும்போது அகலம் சுமார் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால், நிறுத்திய பிறகு அகலத்தைக் கூட்டிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. அங்கே கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் உள்ள இடத்தில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வாழ்கிறார்கள். நாம் அப்படியா போகிறோம்? ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் ஓரம், மறுநாள் கோயில் பார்க்கிங். இடப்பக்கம் டெம்போ, வலப்பக்கம் பஸ். எந்தப் பக்கம் விரிப்பீர்கள்?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம் நண்பரின் ஸ்லைடு வண்டியில் குடகுக்குப் போயிருந்தோம். இரண்டு நாள் விளக்கும் ஃபேனும் ஓடி பேட்டரி இறங்கிவிட்டது. அறையை இழுக்கும் மோட்டாரும் அந்த பேட்டரியில்தான் ஓடியது, கிளம்பும்போது அறை பாதி உள்ளே வந்து நின்றுவிட்டது. அறை நீட்டிக்கொண்டிருந்தால் வண்டியை எடுக்கவே முடியாது. நண்பர் சேற்றில் மல்லாந்து படுத்து, அடியில் இருந்த நட்டை ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி உள்ளே கொண்டுவந்தார். நான் குடையும் டார்ச்சும் பிடித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. உங்களை அந்தச் சேற்றில் நினைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ரப்பர். அறையைச் சுற்றி மழையைத் தடுக்கும் ரப்பர் பட்டைதான் இந்த அமைப்பின் உயிர். வெயிலில் நின்றே அது விறைத்து வெடிக்கும். விரித்த அறையின் கூரைமேல் குப்பை சேரும். நம் பெங்களூரில் தபேபுயா உதிரும் மாதங்களில் வண்டியை மரத்தடியில் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள், பூவும் சருகும் பாய் விரித்த மாதிரி கிடக்கும். ஏணி போட்டு ஏறிக் கூட்டாமல் உள்ளே இழுத்தால் குச்சியும் மண்ணும் பட்டையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் நீர் இறங்கி, தரைப் பலகை ஊறி, காலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். நீங்கள் பார்த்த வண்டியில் அறையின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தீர்களா? சில ஸ்லைடுகளில் தரை இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும். முழங்கால் வலியோடு ராத்திரி பாத்ரூம் போகிறவருக்கு அந்த மேடு பெரிய ஆபத்து.

காகிதங்களும் முக்கியம். ஆர்.சி.யில் வண்டி வகை கேரவன் அல்லது கேம்பர் வேன் என்று இருக்கிறதா? கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது, அதன்படி சான்று பெற்றதா என்று கேளுங்கள். சாதாரண வேனை வாங்கிப் பக்கத்தை அறுத்து ஸ்லைடு வைத்திருந்தால், வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு. ஸ்லைடு எடையையும் கூட்டும். தண்ணீர் நிரப்பி லாரி எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் என்றால் உங்கள் கார் லைசென்ஸ் போதாது.

சரி, என்ன செய்யலாம்? ஓய்வுப் பணத்தில் கை வைக்காமல், ஸ்லைடு இல்லாத சின்ன கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மழைக்காலத்திலேயே நாலு நாள் போய் வாருங்கள். மகனையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள், அவன் பயம் எதைப் பற்றி என்று தெரியும். திரும்பி வந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், பாதி விலைக்குள் சின்னதாக ஒன்று கட்டிக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். அந்த நாலு நாளும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். படி எத்தனை அங்குலம் வரை உங்கள் மனைவியால் ஏற முடிந்தது, கட்டில் எந்த உயரத்தில் இருந்தால் எழுந்திருக்கச் சிரமமில்லை, கைப்பிடி எங்கே தேவைப்பட்டது என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். வண்டி கட்டுகிறவரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.