சாய்ந்தால் நன்றாகச் சாயட்டும்: போட்டோ விதிகளை மீறுவது பற்றி

கேள்வி: மிரர்லெஸ் கேமராவும் 35 எம்எம் லென்ஸும் வைத்திருக்கிறேன். தொழில் இல்லை, ஆசைக்குத்தான் எடுக்கிறேன். எங்கள் ஊர் போட்டோ குழுவில் மூன்று படங்களைப் போட்டேன். ஒன்றில், பாட்டி வீட்டு நிலைவாசலில் நட்டநடுவே நிற்கிறார், சுற்றிலும் இருட்டு. “ரூல் ஆஃப் தேர்ட்ஸ் தெரியாதா, ஷேடோவைத் தூக்குங்க” என்றார்கள். இன்னொன்று, ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த கடற்கரைச் சாலை. “கடல் கொட்டிவிடும் போலிருக்கே” என்றார் ஒருவர். மூன்றாவதில் என் மகன் மழைக்கு முன்னால் தெருவில் ஓடுகிறான். “ஷேக்” (ஆடி மங்கலாகிவிட்டது) என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டார்கள். மூன்றுமே எனக்குப் பிடித்த படங்கள். விதிப்படி எடுக்கப் பழகுவதா, பிடித்தபடியே எடுப்பதா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டி படத்தில் கை வைக்காதீர்கள். மகன் ஓடும் படம் நல்ல படம், ஆனால் இன்னும் துணிந்திருக்கலாம். பஸ் படத்தில் மட்டும் நான் குழுவினர் கட்சி. அதுவும் கடல் சாய்ந்துவிட்டது என்பதற்காக இல்லை, போதுமான அளவு சாயவில்லை என்பதற்காக.

பிடித்தபடி எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம். காசு வாங்காமல் எடுக்கிறவருக்கு முதலாளி அவரேதான். ஆனால் தன்னைத் திருப்திப்படுத்துவது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். விதியைப் பின்பற்றுகிறவருக்கு எது சரி என்று வேறு யாரோ முடிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ரூல் ஆஃப் தேர்ட்ஸையே எடுத்துக்கொள்வோம், அதாவது படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதியை. இந்தப் பெயரில் அதை எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். ஆண்டு 1797, அதாவது போட்டோ என்ற ஒன்றே பிறக்காத காலம். கிராமப்புற நிலக்காட்சியை வரையும்போது நிலத்துக்கு ஒரு பங்கு, வானத்துக்கு இரண்டு பங்கு என்கிற மாதிரி பிரித்தால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று தன் ரசனையைச் சொன்னார். அவ்வளவுதான். அது கேமரா திரையில் நான்கு கோடுகளாக வந்து உட்கார்ந்து, பிறகு போட்டி நடுவர்களின் கையில் அளவுகோலாகிவிட்டது.

அந்த விதி வீண் என்று சொல்ல வரவில்லை. புதிதாகக் கேமரா பிடிக்கிறவர்கள் எதை எடுத்தாலும் முகத்தை ஃபிரேமின் நடுவில் வைப்பார்கள். தலைக்கு மேல் பாதிப் படம் காலியாக இருக்கும், கால் வெட்டுப்படும். அந்தப் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. தலைவலி இல்லாதவர் தலையில் தைலத்தைத் தேய்த்துவிட வேண்டாம், அவ்வளவே.

உங்கள் பாட்டிக்குத் தலைவலி இல்லை. நிலைவாசல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, நடுவில் ஒரு ஆள். அவரை மூன்றில் ஒரு பங்கு கோட்டுக்குத் தள்ளினால் நிலைக்கும் அவருக்கும் இருக்கிற உறவே போய்விடும். ஆனால் நடுவில் வைப்பது என்று முடிவெடுத்துவிட்டால் கறாராக நடுவில் வைக்க வேண்டும். இரண்டு பக்கச் சட்டத்துக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருக்கட்டும். கேமராவை அவர் நெஞ்சு உயரத்துக்கு இறக்கிச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் நிலைச்சட்டம் மேலே குவியாமல் செங்குத்தாக நிற்கும். திரையில் தெரியும் அந்தக் கிரிட் கோடுகளை அணைத்துவிடாதீர்கள். விதியை மீறுகிறவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். உங்கள் படத்தில் பாட்டி ஒரு விரற்கடை இடப்பக்கம் இருக்கிறார். எடிட்டிங்கில் வலப்புறம் கொஞ்சம் கிராப் செய்தால் சரியாகிவிடும்.

“ஷேடோவைத் தூக்குங்க”, அதாவது இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்குங்கள், என்றதற்கு வருவோம். வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டருக்குப் பாட்டியும் தெரியாது, இருட்டும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதைச் சராசரியாக நடுச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருங்கல் சிலை வெளிறிப்போவதும் வெள்ளை வேட்டி அழுக்காகத் தெரிவதும் இதனால்தான். இருண்ட வீட்டுக்குள் அது தானாக வெளிச்சத்தைக் கூட்டும். நீங்கள் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 1.3-ல் வைத்து அதை அடக்கியிருக்கிறீர்கள். முகத்தில் மட்டும் வாசல் வெளிச்சம், மற்றதெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் அண்டாவும் காலண்டரும் தெரிய வேண்டும் என்று யார் அழுதார்கள்?

செல்போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய போன் கேமரா உங்களைக் கேட்காமலே விதிகளைப் போட்டுவிடுகிறது. இருட்டைத் தூக்கும், முகத்தை வழவழப்பாக்கும், பல ஃபிரேம்களைச் சேர்த்து ஷேக்கைத் துடைத்துவிடும். மீறுவதென்றால் முதலில் அதனோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். எல்லாவற்றையும் நாமே வைக்கிற புரோ மோடும், போன் திருத்தாத ரா ஃபைலும் உள்ள போனாக இருந்தால் அதில் எடுங்கள்.

இனி பஸ். கடலின் கோடு கிட்டத்தட்ட 3 டிகிரி சாய்ந்திருக்கிறது. மலையோ மரமோ என்றால் யாரும் கவனிக்கப்போவதில்லை. தண்ணீர் மட்டமாக இருக்கும் என்று கண் பழகிவிட்டதால் கடலில் ஒரு டிகிரி கூட உறுத்தும். 3 டிகிரி என்பது இரண்டுங்கெட்டான். நேராகவும் இல்லை, வேண்டுமென்றே சாய்த்தது போலவும் இல்லை. பார்க்கிறவர் மனதில் ‘கவனிக்காமல் விட்டுவிட்டார்’ என்ற எண்ணம்தான் வரும், வந்த பிறகு படத்தில் வேறு எதுவும் தெரியாது. 15 டிகிரி சாய்த்திருந்தால் ‘ஏன் இப்படி?’ என்று யோசித்திருப்பார். சாய்வுக்குக் காரணமும் ஃபிரேமுக்குள்ளேயே இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் கம்பி, முன் சீட்டுக்காரர் தோள், காற்றில் பறக்கும் துண்டு, ஏதாவது ஒன்று உள்ளே வந்தால் பஸ்ஸின் குலுக்கல் படத்துக்குள் வந்துவிடும். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எடுத்திருக்கிறீர்கள் போல. பஸ்ஸே படத்தில் இல்லை, சாய்வு மட்டும் மிச்சம். தவிர, ஓடும் பஸ்ஸில் கையை வெளியே நீட்டுவது வேறு வகை விதிமீறல். அதை நான் ஆதரிக்கவில்லை.

அதே படத்தில் மின்கம்பங்கள் கடலைவிட அதிகமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? அது உங்கள் கை வேலை இல்லை. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால், வேகமாகப் போகும்போது பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்து தெரியும். அது பிடித்திருந்தால் இன்னும் கிட்டத்தில் ஒரு கம்பம் வரும்போது எடுங்கள். பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

சாய்ந்த அடிவானத்துக்காகத் திட்டு வாங்கியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க் 1955-ல் குகன்ஹைம் அறக்கட்டளையின் நிதி பெற்று அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். அதில் 83 படங்களைத் தேர்ந்தெடுத்து 1958-ல் பாரிஸிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் புத்தகமாக்கினார். மங்கல், கிரெயின் (ஃபிலிமின் சொரசொரப்பான புள்ளிகள்), கள் குடித்த மாதிரி ஆடும் அடிவானம் என்று அங்கே ஒரு பெரிய போட்டோ பத்திரிகையில் வறுத்தெடுத்தார்கள். இன்று அந்தப் பத்திரிகையின் ஆலோசனைப் பக்கங்களை யாரும் தேடுவதில்லை. அந்தப் புத்தகம் திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டிருக்கிறது.

மகன் ஓடும் படத்துக்குக் கொஞ்சம் கணக்குத் தேவை. ‘ஷேக்’ என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், ஆனால் மங்கலில் மூன்று சாதி உண்டு. கேமரா ஆடினால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபடும். ஆள் மட்டும் நகர்ந்தால் தெரு கூர்மையாக இருக்கும், ஆள் கரைவார். ஃபோகஸ் தவறினால் எதுவும் இழுபடாது, வேறொரு தூரம் மட்டும் கூர்மையாக இருக்கும். முதல் இரண்டையும் ரசிக்கலாம். மூன்றாவது, அதிலும் பையன் முகம் போய்ப் பின்னால் இருக்கிற சுவர் பளிச்சென்று இருப்பது, பெரும்பாலும் எரிச்சலைத்தான் தரும். உங்களுடையது இரண்டாவது சாதி, ஆகவே பிழைத்தது.

நீங்கள் வைத்த ஷட்டர் வேகம் 1/80, அதாவது ஒரு நொடியில் எண்பதில் ஒரு பங்கு. ஓடும் பையனை நிறுத்திப் பிடிக்க 1/500 வேண்டும். ஓட்டத்தைக் காட்ட 1/15 அல்லது 1/30 வேண்டும். 1/80 நடுவில் மாட்டிக்கொண்டது: கை கால் லேசாகக் கரைந்திருக்கிறது, முகம் கொஞ்சம் சொதசொதவென்று இருக்கிறது. இதுவும் இரண்டுங்கெட்டான்தான். மழை வெளிச்சமும் அவன் சிரிப்பும் சேர்ந்து படத்தைக் காப்பாற்றிவிட்டன. அடுத்த முறை ஷட்டர் பிரயாரிட்டியில் (வேகத்தை மட்டும் நாம் வைக்கிற முறையில்) 1/20 வைத்து, அவன் தூரத்தில் வரும்போதே கேமராவில் பிடித்து, அவன் வேகத்துக்கே இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டு அமுக்குங்கள். அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பத்துக்கு ஒன்பது தேறாது. தேறுகிற ஒன்றில் முகம் ஓரளவு நிற்கும், தெரு கோடுகோடாக ஓடும். அல்லது கேமராவைத் திண்ணையில் வைத்து 1/8-ல் எடுத்தால் தெரு நிற்கும், பையன் ஒரு நிறமாகத் தெருவில் பாய்வான்.

உச்சி வெயிலில் இதை முயன்றால் படம் வெளுத்துப்போகும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/16 என்று வைத்தாலே வெயிலுக்கு 1/100 வேகம் வந்துவிடும். துளையை இன்னும் சிறிதாக்கி எஃப்/22-க்குப் போனாலும் 1/50 வரைதான் இறங்கலாம். அதற்கும் கீழே போக, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். மழை மூட்டமோ மாலை ஐந்தரைக்கு மேலோ என்றால் செலவில்லை. ஃபிளாஷ் இருந்தால் ரியர் கர்ட்டன் சிங்க்கில் (ஷட்டர் மூடும் முன் ஃபிளாஷ் அடிக்கிற முறையில்) வையுங்கள், இழுவை அவனுக்குப் பின்னால் விழும். சாதாரணமாக விட்டால் இழுவை முன்னால் விழுந்து, பையன் பின்னோக்கி ஓடுகிற மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அதுவும் பிடிக்கும்.

ஃபோகஸ் தவறினால் ரசிக்க முடியாது என்று சொன்னேன் அல்லவா, அதை அடியோடு மறுத்தவர் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன். 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கினார். லென்ஸைத் திருகிக்கொண்டே வருவார், தன் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் வலியுறுத்துகிற துல்லியமான இடம்வரை திருகமாட்டார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். எது முறையான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். லண்டன் போட்டோ பத்திரிகைகள் அவரை ஏளனம் செய்தன. 1868-ல் அவரிடம் படமெடுத்துக்கொண்ட சார்லஸ் டார்வினோ, தன்னை எடுத்த படங்களிலேயே இதுதான் மிகவும் பிடித்தது என்று எழுதிக்கொடுத்தார். 1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபோன கேமரன், களுத்துறையிலும் தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். 1879-ல் இலங்கையிலேயே இறந்தார். கல்லறை மலையகத்தில், பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது. அவர் மங்கலில் ஒரு ஒழுங்கு உண்டு: பின்னால் எதுவும் முகத்தைவிடக் கூர்மையாக இருந்து போட்டி போடாது. உங்கள் வேலைக்கு இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். படம் பிடித்திருக்கிறதா, படம் எடுத்த சாயங்காலம் பிடித்திருக்கிறதா? மகன் படத்தில் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை உடனே கழுவாமல் ஒரு வருடத்துக்கு மேலும் போட்டுவைப்பார். எடுத்தபோது இருந்த மனநிலை மறந்த பிறகு பார்த்தால்தான் தேர்வு சரியாக இருக்கும் என்பது அவர் கட்சி. 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு படத்தை ஒரு மாதம் கழித்து, வேறு படங்களோடு கலந்து பாருங்கள். அப்போதும் கண் அதில் நின்றால் அது உங்கள் படம்.

சில இடங்களில் இந்தச் சுதந்திரம் செல்லாது. உறவினர் கல்யாணத்தில் தாலி கட்டும்போது 1/15 வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். வீட்டார் கேட்கிற படத்தை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் உங்களுக்கானதை எடுங்கள். போட்டிக்கு அனுப்பினால் போட்டி விதிப்படி அனுப்புங்கள், அல்லது அனுப்பவே வேண்டாம். மீறிய படத்தை அனுப்பிவிட்டுப் பரிசு வரவில்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

குழுவில் கேட்பதையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்றால் ஆளாளுக்கு விதிப்புத்தகத்தைத் திறப்பார்கள். ‘உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?’ என்று கேளுங்கள். பாட்டி படத்துக்கு எல்லோரும் ‘முகம்’ என்றால் நடுவில் வைத்தது வேலை செய்திருக்கிறது. பஸ் படத்துக்கு ‘கோணல்’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

பாட்டி படத்தை 12க்கு 18 அங்குலத்தில் மேட் பேப்பரில் பிரிண்ட் போடுங்கள். கிராப் செய்யும்போது 3:2 விகிதத்தை விடாமல் பார்த்துக்கொண்டால் அந்த அளவில் ஓரம் வெட்டுப்படாது. லேபில் கொடுக்கும்போது ‘ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்’ என்று ஞாபகமாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குழுவினர் கேட்டதை மெஷினே செய்து, ஷேடோவைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடும்.