விலை உயர்ந்த மறுபதிப்பு ரெக்கார்டில் கடைசிப் பாட்டு மட்டும் பிசிறடிக்கிறது: தட்டில் குறையா, டர்ன்டேபிளில் குறையா?

புது ப்ளூ நோட் டோன் போயட் தட்டு (ப்ளூ நோட் ஜாஸ் நிறுவனத்தின் மறுபதிப்பு வரிசை), ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்), ஊசி லேபிளை நெருங்கும்போது தட்டின் இரண்டு பக்கத்திலும் டிரம்பெட் கரகரக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டை இப்போதைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். இரு பக்கமும், அதுவும் உள்வட்டத்தில் மட்டும் என்றால் கார்ட்ரிட்ஜ் பொருத்தியதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வேறு இரண்டு தட்டுகளின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே பிசிறு கேட்டால் சந்தேகமே இல்லை.

உள்வட்டத்தில் மட்டும் ஏன்? தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை, ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் மாறுகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும் பள்ளம், முடிவில் 21 செ.மீ.தான் ஓடும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு வெளியே 51 மைக்ரான் இடம், உள்ளே 21 மைக்ரான். அவ்வளவு நெருக்கமான வளைவுகளில் ஊசி ஒரு டிகிரி திரும்பி நின்றாலும் காதில் தெரியும்.

சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். ரசமட்டத்தைப் பிளாட்டரின் (தட்டு உட்காரும் சுழல்மேடை) மேல் வைத்து டர்ன்டேபிளை மட்டமாக்குங்கள். ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, ஆர்ம் அந்தரத்தில் மிதக்கும்வரை பின்எடையைத் திருப்புங்கள். பின்எடையில் உள்ள எண் வளையத்தைப் பூஜ்யமாக்கி, பின்எடையைத் திருப்பி 1.8 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். வளையத்தின் எண்ணை நம்பிவிடாமல், 0.01 கிராம் காட்டும் ஸ்டைலஸ் தராசில், தட்டின் மேற்பரப்பு உயரத்திலேயே நிறுத்துப் பாருங்கள். 2எம் ரெட்டுக்கு 1.6 முதல் 2.0 வரை போகலாம். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று பலர் 1.5-இல் ஓட்டுகிறார்கள். நடப்பது நேர்மாறு: ஊசி பள்ளத்தின் சுவரைவிட்டு எழும்பி எழும்பி விழுந்து சுவரைச் செதுக்கும். அந்தச் சேதத்தை எந்தக் கழுவலும் போக்காது.

அடுத்தது ப்ரொட்ராக்டர், கார்ட்ரிட்ஜ் சரியான கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் அளவுத்தாள். பேர்வால்ட் வகை காகித ப்ரொட்ராக்டர் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அச்சிடும்போது 100 சதவீத அளவு என்று குறித்து, வந்த தாளில் அளவுகோடு சரியாக இருக்கிறதா என்று ஸ்கேலால் பாருங்கள். பிரிண்டர் தானாகச் சுருக்கிவிடுவதுதான் இங்கே வழக்கமான சொதப்பல். மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. என இரு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் ஊசிமுனை புள்ளியில் உட்கார, கான்டிலீவர் (முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் உடலின் ஓரத்தைப் பார்த்து இணை வைக்காதீர்கள், கான்டிலீவர் அதற்குள் கொஞ்சம் கோணலாக இருக்கக்கூடும். ஒரு புள்ளியில் சரி, மற்றதில் இல்லை என்றால் ஹெட்ஷெல் (ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் திருகும் இடம்) துளைகளில் கார்ட்ரிட்ஜை முன்னோ பின்னோ அரை மி.மீ. நகர்த்திப் பாருங்கள். திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், முறுக்கினால் பிளாஸ்டிக் உடல் விரிசல் விடும். நகர்த்திய பிறகு எடையும் மாறியிருக்கும், மறுபடி நிறுக்க வேண்டும்.

ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கடைசியில், எடைக்குச் சமமான எண்ணில் தொடங்குங்கள். வலது ஸ்பீக்கரில் முதலில் பிசிறினால் கூட்டுங்கள், இடதில் என்றால் குறையுங்கள். ஆர்ம் உயரம் தட்டுக்கு இணையாக இருந்தால் போதும். 9 அங்குல ஆர்மில் உயரத்தை 1 மி.மீ. மாற்றினால் கோணம் கால் டிகிரிதான் மாறும், 180 கிராம் தட்டுக்கு ஒன்று, 120 கிராம் தட்டுக்கு ஒன்று என்று ஏற்றி இறக்குவதெல்லாம் வீண் வேலை.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் பிசிறு இருந்தால் அது ஊசியின் வடிவம். ரெட்டின் உடலில் 2எம் ப்ளூ ஊசியை மாட்டலாம், ஆனால் இரண்டிலும் எலிப்டிகல் (நீள்வட்ட) முனை, அளவும் ஒன்றே: பக்க ஆரம் 8, முன் ஆரம் 18 மைக்ரான். உள்வட்டத்துக்காக மட்டும் செலவழிப்பதென்றால் ஆடியோ-டெக்னிகா விஎம்95எம்எல் கார்ட்ரிட்ஜ் வாங்குவேன். அதன் மைக்ரோலீனியர் முனையின் பக்க ஆரம் 3 மைக்ரான் அளவுதான், அந்த நெருக்கமான வளைவுக்குள் நுழையும். எலிப்டிகல் ஊசிக்கு 300 மணி, மைக்ரோலீனியருக்கு 1000 மணி ஆயுள் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு.

தட்டின் குறை வேறு மாதிரி இருக்கும். ஒரே ஸ்பீக்கரில், ஒரு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 1.8 நொடிக்கொருதரம் துணி கிழிவது போன்ற சத்தம் வந்தால், வினைல் அச்சின் பள்ளத்தை முழுக்க நிரப்பவில்லை. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் நரைத்த தையல்போலத் தெரியும். பியானோ ஒலி அலைந்து, ஆர்ம் பக்கவாட்டில் ஆடினால் நடுத்துளை மையத்தில் இல்லை. இவற்றுக்குப் பத்து வினாடி வீடியோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். கழுவிப் பார்க்காமல் கேட்காதீர்கள், புதுத் தட்டிலும் காகித உறையின் தூசி இருக்கும்.

அடுத்து வாங்கும்போது: டோன் போயட்டும் விலை குறைந்த ப்ளூ நோட் கிளாசிக் வினைலும் பெரும்பாலும் அதே கெவின் கிரே என்ற பொறியாளரின் மாஸ்டரிங்தான் (ஒலிப்பதிவைத் தட்டுக்கு ஏற்பத் தயார்செய்வது). முன்னது கலிஃபோர்னியாவில் ஆர்டிஐ ஆலையிலும் பின்னது ஜெர்மனியில் ஆப்டிமல் ஆலையிலும் அச்சாகிறது. கூடுதல் காசில் நிறையப் பங்கு தடித்த இரட்டை மடிப்பு அட்டைக்கு. அட்டை பிடிக்குமென்றால் தாராளமாக வாங்கலாம். உள்வட்டப் பிசிறு உங்களை உறுத்துமானால் அதே ஆல்பம் 45 சுற்றில் இரண்டு தட்டாக வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே கடைசிப் பள்ளமும் நொடிக்கு 28 செ.மீ. ஓடும், ஒரு பக்கத்தில் பாட்டும் குறைவு என்பதால் பள்ளம் அவ்வளவு உள்ளே போவதில்லை. தட்டைத் திருப்ப அடிக்கடி எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.