கணினி கேள்வி பதில்: சோளிங்கர் எங்கே போனது?

கேள்வி: பைத்தான் மொழியில், பிளாஸ்க் என்ற வலைத்தொகுப்பு வைத்து ஒரு சின்ன வலைச்சேவை எழுதினேன். பழைய வட ஆற்காட்டு ஊர் ஒன்றைக் கேட்டால் அது இன்று எந்த மாவட்டம் என்று சொல்லும். ஆம்பூரும் ஆரணியும் சரியாக வருகின்றன. சோளிங்கருக்கு மட்டும் 500 பிழை (சேவைக்குள் கோளாறு). பட்டியலில் பெயர் இருக்கிறதே!
- கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: இருக்கிறது, ஆனால் வேறு குறியீடுகளில் இருக்கலாம். 'சோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் உள்ள பெயருக்கும் வந்த பெயருக்கும் குறியீடுகளை எண்ணும் 'லென்' போட்டுப் பாருங்கள்: ஒன்றுக்கு 9, மற்றதற்கு 10 வந்தால் சிக்கல் இதுவே. போளூரும் இப்படித்தான் மாட்டும். ஆம்பூரிலும் ஆரணியிலும் ஒகர, ஓகாரக் குறிகள் இல்லாததால் தப்பித்தன.

பைத்தானின் 'யூனிகோடுடேட்டா' தொகுப்பில் 'நார்மலைஸ்' இருக்கிறது. பட்டியலை ஏற்றும்போதும், கேள்வி வரும்போதும், இரண்டு இடத்திலும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிழை இடம்மாறி நிற்கும்.

500 வந்தது தனிக் கோளாறு. டிக்‌ஷனரியில் சதுர அடைப்புப் போட்டுத் தேடியிருப்பீர்கள்; பெயர் இல்லாவிட்டால் 'கீ எர்ரர்' எழுந்து சேவையே தடுமாறும். 'கெட்' கொண்டு தேடி, கிடைக்காவிட்டால் 404 ('கிடைக்கவில்லை' என்ற குறியீடு) அனுப்புங்கள். வெற்றியைக் குறிக்கும் 200 அனுப்பிவிட்டு உள்ளே 'ஊர் இல்லை' என்று எழுதுவது வேண்டவே வேண்டாம். கேட்கும் நிரல் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும்.

சோதனைக்குச் சர்வரை ஓட்டத் தேவையில்லை, பிளாஸ்க்கின் 'டெஸ்ட் கிளையன்ட்' போதும். வர வேண்டியவை: ஆம்பூருக்கு 200, திருப்பத்தூர். மதுரைக்கு 404. சோளிங்கரின் இரு வடிவங்களுக்கும் 200, இராணிப்பேட்டை. பிரிந்த வடிவத்தைக் கையால் தட்டச்சாமல், 'நார்மலைஸ்'க்குக் குறிகளைப் பிரிக்கும் 'என்எஃப்டி' கொடுத்து உண்டாக்குங்கள். விசைப்பலகை எதைத் தருகிறது என்பதை நம்ப முடியாது.

கேள்வி: என் மடிக்கணினியில் ஓடும் பிளாஸ்க் சேவை, அதே வைஃபையில் உள்ள போனில் திறக்கவில்லை. மேலும், சேவை தரும் பதிலில் தமிழ், எழுத்தாக இல்லாமல் சாய்கோடும் எண்ணுமாக வருகிறது.
- வாசகர், காட்பாடி

பதில்: பிளாஸ்க் இயல்பாக 127.0.0.1 முகவரியில், 5000 போர்ட்டில் நிற்கும்; அது அந்தக் கணினிக்கு உள்ளேயே. 'ஹோஸ்ட்' 0.0.0.0 என்று கொடுத்து ஓட்டி, போனில் கணினியின் வைஃபை ஐபி முகவரியையும் 5000ஐயும் இடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதியுங்கள். அதற்கு முன், பிழை தேட உதவும் 'டீபக்' முறையை அணைத்துவிடுங்கள். அதன் பிழைப்பக்கம் வழியாகப் பிறர் உங்கள் கணினியில் நிரல் ஓட்ட வாய்ப்புண்டு.

தமிழ் கெடவில்லை. பிளாஸ்க் 2.2 முதல், பதிலை வடிவமைக்கும் ஜேசன் அமைப்பில், தமிழ் எழுத்துகளைக் குறியீடாக மாற்றும் 'என்ஷூர் ஆஸ்கி'யை 'ஃபால்ஸ்' ஆக்கினால் எழுத்தாகவே வரும்.