அந்தக் கடைக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, சின்ன வயசுல இருந்து நாங்க சாமான் வாங்குற ஒரு முஸ்லிம் நானா கடை எங்க டவுன்ல இருக்கு. 2019 ஈஸ்டர் குண்டுக்கு அப்புறம் எங்க தோட்டத்து லயத்துல பாதிப்பேர் அங்க போறத விட்டுட்டாங்க. இப்பவும் எங்கயாவது குண்டு வெடிச்சதுன்னு நியூஸ் வந்தா வாட்ஸப் குரூப்ல 'அவங்க கடைக்குப் போகாதீங்க'ன்னு மெசேஜ் சுத்துது. எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, பயம் வர்றதுல ஒரு தப்பும் இல்ல. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி சர்ச், மட்டக்களப்பு சியோன் சர்ச், கொழும்புல பெரிய ஹோட்டல்கள்னு ஒரே காலையில 260க்கு மேல உசுரு போச்சு, அதுல எத்தன பச்சப் புள்ளைங்க, அத நினைச்சா இன்னும் எனக்கு நெஞ்சு அடைக்குது. ஆனா குண்டு வச்சவனுக்கு செத்தவங்க மட்டும் போதாது, மிச்சம் இருக்குற நாம ஒருத்தர ஒருத்தர் சந்தேகமா பாக்கணும், அதுதான் அவனுக்கு வேணும். அவன் கேட்டத நாம ஏன் குடுக்கணும்?

அன்னைக்கே கொழும்பு இரத்த வங்கியில ரத்தம் குடுக்க சனம் வரிசையா நின்னுச்சு. சொந்த சனத்தப் பறிகுடுத்த கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையே முஸ்லிம் மக்கள் மேல கை வைக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப கேட்டுக்கிட்டாரு. அப்படியும் மே மாசம் குளியாப்பிட்டி, மினுவாங்கொட பக்கம் கடைகள எரிச்சாங்க, பள்ளிவாசல்கள உடைச்சாங்க, குண்டுக்கும் அந்தக் கடைக்காரங்களுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. அதுக்கு முந்தின வருசம் நம்ம கண்டி திகனயிலயும் இதே கூத்துதான், ஆனா அங்கயே பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்த தன் வீட்டுக்குள்ள வச்சுக் காப்பாத்தின சிங்கள ஆட்களும் இருந்தாங்க, அவங்க செஞ்சதத்தான் நான் பெருசா நினைக்கிறேன்.

ஒன்னு யோசிங்க. யாரோ செஞ்சதுக்கு ஒரு சனத்தையே பிடிக்கிறது எப்படி இருக்கும்னு தோட்டத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. 83 ஜூலையில வடக்குல ஆமிக்காரங்க செத்ததுக்கு மலையகத்துல நம்ம கடையும் வீடும் எரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் எத்தன வருசம் நம்ம பொடியன்கள புலின்னு சந்தேகத்துல செக் பொயின்ட்ல இறக்கினாங்க, பயங்கரவாத தடைச் சட்டத்துல உள்ள போட்டாங்க. அந்த வலி தெரிஞ்ச நாமளே இன்னொரு வீட்டுக்கு அதச் செஞ்சா எப்படி?

உண்மையாவே சந்தேகமா ஒரு பையோ ஆளோ கண்டா போலீஸ் நம்பர் 119க்கு அடிங்க, அது வேற விசயம். நானா கடைக்கு இந்த மாச சம்பளம் கைக்கு வந்ததுமே போங்க. தனியா போக ஒரு மாதிரி இருந்தா பக்கத்து காம்பரா அக்காவயும் கூட்டிட்டுப் போங்க, நாலு பேர் பாத்தா அடுத்த மாசம் அவங்களும் வருவாங்க. குரூப்ல அந்த மெசேஜ் திரும்ப வந்தா சண்டை போடாம ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது எந்த ஊர்ல நடந்துச்சு, நேர்ல பாத்தது யாரு?