வரி, வாரிசு, பொம்பளைங்க பங்கு: 32 வருஷம் பாடம் எடுத்தவ வந்திருக்கேன், கேளுங்க

1984-ல இருந்து 2016 வரைக்கும் லா காலேஜ்ல வரிச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் எடுத்தேன். ரிட்டயர் ஆகி வீட்ல சும்மாதான் இருக்கேன். தெரிஞ்சதை சொல்றேன், ஆனா உங்க பத்திரத்தைப் பார்க்காம முடிவு சொல்லமாட்டேன், அதுக்கு வக்கீலைப் பாருங்க.

மேடம், டாக்ஸ் பக்கம் எப்படிப் போனீங்க? பொதுவா லேடீஸ் ஃபேமிலி லாதானே எடுப்பாங்க?

நானா எங்கப்பா போனேன், தள்ளிவிட்டாங்க. ஃபேமிலி லாதான் கேட்டேன், அதை ஒரு சீனியர் விடமாட்டேன்னுட்டார், யாரும் தொடாம கிடந்த டாக்ஸ் பேப்பர் என் தலைல விழுந்துச்சு. அப்ப எஸ்டேட் டூட்டின்னு ஒண்ணு இருந்துச்சு, ஆள் செத்தா விட்டுட்டுப் போன சொத்துக்கு வரி, 1953-ல வந்தது, பெரிய சொத்துன்னா 85 சதவீதம் வரைக்கும் போகும். ராத்திரியெல்லாம் உக்காந்து அதுக்கு நோட்ஸ் எழுதி முடிச்சேன், 1985 மார்ச் பட்ஜெட்ல அப்ப நிதி மந்திரியா இருந்த வி.பி.சிங் எடுத்துட்டார். அப்புறம் 1998-ல கிஃப்ட் டாக்ஸ் போச்சு, 2015 பட்ஜெட்ல வெல்த் டாக்ஸும் போச்சு. மூணு வரிக்கு காரியம் பண்ணின டீச்சர்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க.

இதுல பெண்கள் விஷயம் எப்ப உள்ள வந்துச்சு?

ஒரு பொண்ணு கேட்ட கேள்வில. வருமான வரிச் சட்டம் 64-ஆம் பிரிவு எடுத்துட்டு இருந்தேன். புருஷன் தன் பணத்தை சும்மா பொண்டாட்டி பேர்ல போட்டா அதுல வர்ற வட்டி புருஷன் கணக்குலதான் சேரும், வரியைக் குறைக்க பேரை மாத்தி விளையாடக்கூடாதுன்னு வெச்ச விதி. பொண்டாட்டி புருஷனுக்குக் கொடுத்தாலும் அதேதான். அதே பிரிவுல மருமகளுக்குக் கொடுத்தாலும் கொடுத்தவங்க கணக்குலயே சேரும்னு இருக்கு. கடைசி பெஞ்ச்ல இருந்து "மருமக இருக்கா, மருமகன் ஏன் மேடம் இல்ல?"ன்னு கேட்டுச்சு. பதில் இல்ல என்கிட்ட. மருமகனுக்குக் கொடுத்தா அந்தப் பிரிவுல வராது, அவர் தனி ஆளு. மருமக இந்த வீட்டு ஆளு, அவ கைக்குப் போன பணம் வீட்டை விட்டுப் போகலைன்னு சட்டம் எழுதினவர் நினைச்சிருக்கார், வேற என்ன சொல்ல. அன்னைல இருந்து எந்தப் பிரிவை எடுத்தாலும் இதுல பொம்பள யாரோட ஆளா இருக்கான்னு பார்க்குற வியாதி வந்துடுச்சு. (இப்ப 2025 புது சட்டம் வந்து பிரிவு நம்பரெல்லாம் மாறிடுச்சு, என்னை பழைய நம்பரோடயே விட்டுடுங்க.)

அக்கா, எனக்கு 1987-ல கல்யாணம் ஆச்சு. அப்பா தவறிட்டார், பாகம் எதுவும் பிரிக்கல. அண்ணன் விடுதலைப் பத்திரத்துல (என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்குற பத்திரம்) கையெழுத்து கேக்குறார், 8 லட்சம் தர்றேன்ங்குறார். எனக்கு பங்கு இருக்கா?

இருக்கும்மா. தமிழ்நாட்டுல பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் பையன் மாதிரி பங்குன்னு கலைஞர் ஆட்சில சட்டம் வந்துச்சு, 25-3-1989-ல இருந்து. ஆனா அந்த தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னு ஒரு கோடு போட்டாங்க, நீங்க அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டீங்க. 2005 செப்டம்பர் 9-ல மத்திய சட்டம் அந்தக் கோட்டை அழிச்சுடுச்சு. அதுலயும் அப்பா அன்னைக்கு உயிரோட இருந்திருக்கணுமான்னு வருஷக்கணக்கா சண்டை, 2020-ல வினீதா சர்மா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தேவையில்லைன்னு முடிச்சுட்டாங்க. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பதிவு பண்ணின பாகப்பிரிவினை இருந்தா கதை வேற. அப்பா சொந்தமா சம்பாதிச்சதுல, உயில் இல்லேன்னா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததுல இருந்தே உங்களுக்கு சம பங்குதான்.

இப்ப அந்த 8 லட்சம், இதை யாரும் சொல்லமாட்டாங்க. சும்மா விட்டுக்கொடுத்தா உங்களுக்கு வரி இல்ல. பணம் வாங்கிட்டு விடுதலைப் பத்திரம் எழுதினா அது வித்த மாதிரி, கேபிடல் கெயின்ஸ், அதாவது சொத்து வித்த லாபத்துக்கான வரி, உங்க தலைல வரும். அதே பணத்தை முறையான குடும்ப ஏற்பாடா, பாகத்தை சரிக்கட்டுற தொகையா எழுதினா அது விற்பனை இல்லைன்னு கோர்ட்டுகள் பல தடவை சொல்லியிருக்கு. ஒரே பணம், பத்திர எழுத்தர் எந்த வார்த்தை போடுறார்ங்குறதுலதான் இருக்கு. அதனால டிராஃப்ட்டை முதல்ல வீட்டுக்குக் கொண்டுவந்து படிங்க.

சொந்தக்காரங்க வீட்டு பத்திரத்துக்கு சாட்சியா ஒரு தடவை சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் போயிருந்தேன். பங்கை விட்டுக்கொடுக்குற தங்கச்சி உள்ள வந்து உக்காந்ததும் கேட்ட ஒரே கேள்வி "எங்க போடணும்?" எதுல போடுறேன்னு கேக்கல. ரேகை வெச்ச மையை முந்தானைல துடைச்சுட்டு, அண்ணன் வாங்கித் தந்த டீயைக் குடிச்சுட்டு பஸ் ஏறிப் போயிடுச்சு. பத்திரத்துல "சீர்வரிசை ஏற்கெனவே செய்துவிட்டபடியால்"னு ஒரு வரி. சீரும் பங்கும் ஒண்ணு இல்லீங்க, சட்டத்துல எங்கயுமே ஒண்ணு இல்ல. வாத்தியாரம்மா நானும் அன்னைக்கு வாயைத் திறக்காம சாட்சிக் கையெழுத்து போட்டுட்டுதான் வந்தேன்.

மேடம், கணவர் தவறிட்டார், குழந்தையும் இல்ல. என் சம்பளத்துல வாங்கின ஃபிளாட் எனக்கு அப்புறம் எங்க அம்மாவுக்குத்தானே போகும்?

போகாது. உங்களை பயமுறுத்த சொல்லல, ஆனா இன்னைக்கே எழுந்து ஒரு உயில் எழுதுங்க. 1956 சட்டம் 15-ஆம் பிரிவுப்படி, பொம்பள உயில் எழுதாம போனா முதல்ல பிள்ளைங்க, புருஷன், அவங்க இல்லேன்னா புருஷனோட வாரிசுகள், அதுக்கு அப்புறம்தான் அம்மா அப்பா. அம்மா அப்பாகிட்ட இருந்து வந்த சொத்து மட்டும் பிள்ளைங்க இல்லேன்னா அப்பா வழிக்குத் திரும்பும், நீங்களா சம்பாதிச்சது அப்படி திரும்பாது.

நாராயணி தேவின்னு ஒருத்தங்க, 1955-ல கல்யாணம், மூணு மாசத்துல புருஷன் பாம்பு கடிச்சு செத்துட்டார், அந்த வீட்ல துரத்திட்டாங்க. பிறந்த வீட்ல படிச்சு வேலைக்குப் போய் பேங்க்லயும் பிஎஃப்லயும் சேர்த்துட்டு 1996-ல உயில் இல்லாம போய்ட்டாங்க. பெத்த அம்மா கேட்டாங்க, புருஷனோட அக்கா தங்கச்சி பசங்களும் கேட்டாங்க. 2009-ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பசங்களுக்குக் கொடுத்துச்சு, இரக்கப்பட்டு சட்டத்தை மாத்த முடியாதுன்னு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இந்தக் கேஸை எடுப்பேன், கிளாஸ் கொஞ்ச நேரம் பேசாது.

உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைப் பேப்பர் போதும், நீங்க கையெழுத்து போடுறதைப் பார்த்து 2 பேர் சாட்சி போடணும். ரிஜிஸ்டர் பண்ணுறது உங்க இஷ்டம், பண்ணினா நல்லது.

லேடீஸுக்கு வரில தனி சலுகை இருக்கா?

இருந்துச்சு. கடைசியா 2011-12-ல ஆம்பளைக்கு 1.80 லட்சம், பொம்பளைக்கு 1.90 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அடுத்த வருஷம் எல்லாருக்கும் 2 லட்சம்னு ஒண்ணாக்கிட்டாங்க. இப்ப தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தை பொம்பள பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு.

அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் சீதனக் காணி பெண்ணின்ர பேரில இருந்தாலும் விக்க ஏலாது எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழர் வழக்குச் சட்டம், உங்களுக்குப் பொருந்துச்சுன்னா, கல்யாணமான பெண் தன் அசையாச் சொத்தை விக்க புருஷனோட எழுத்து சம்மதம் வேணும், 1911 சட்டத்துல இருக்கு. உயில்ல எழுதி வைக்க அந்த சம்மதம் வேண்டாம். மத்த விவரம் அங்க உள்ள நொத்தாரிசு (நோட்டரி) நல்லா சொல்லுவார்.

வீட்டுக்கு மூத்தவ நான். அப்பா போன பிறகு ஹெச்யூஎஃப்ல (இந்துக் கூட்டுக் குடும்பம்) நான் கர்த்தாவா, அதாவது நிர்வாகியா, ஆகலாமா?

தாராளமா. மூத்த வாரிசு பொண்ணா இருந்தாலும் கர்த்தான்னு டெல்லி ஹைகோர்ட் 2015-ல தீர்ப்பு கொடுத்தாச்சு. மருமகளா வந்தவங்க புருஷன் வீட்டு ஹெச்யூஎஃப்ல உறுப்பினர்தான், பாகம் பிரின்னு கேக்க முடியாது, அந்த வித்தியாசம் இன்னும் இருக்கு. ஆனா ஒண்ணு, பேங்க்ல கணக்கை மாத்தப் போகும்போது தீர்ப்போட காப்பி ஒண்ணு கைல எடுத்துட்டுப் போங்க. என் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தி போனப்ப கவுண்டர்ல "வீட்ல ஜென்ட்ஸ் யாரும் வரலையா?"ன்னு கேட்டிருக்காங்க, அவ ஹைகோர்ட்ல பிராக்டிஸ் பண்றவ.